ஜொகூரில் கிடக்கும் கனடிய ராணுவ லாரி: உதிரிப்பாகங்களுக்கும் சீரமைப்புக்கும் வழிகாட்டல் தேவை

செம்பவாங் கதிர்

அனைவருக்கும் வணக்கம். கொத்தா திங்கிக்கு அப்பால் மரம் அறுக்கும் பட்டறை ஒன்றின் பின்கொட்டகையில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் பழைய ராணுவ லாரி ஒன்றை வாங்குவது பற்றி, அதன் உரிமையாளரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. நான் மின்தூக்கிப் பராமரிப்பில் வேலை செய்பவன். இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டிப் பழக்கம் உண்டு என்றாலும் இவ்வளவு பழைய பெட்ரோல் எஞ்சினைத் தொட்டுப் பார்த்ததில்லை.

லாரியின் முகம் தட்டையானது. முன்கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னோக்கித் துருத்திக்கொண்டும் கீழ்விளிம்பு உள்ளே தள்ளியும் இருக்கிறது. ரேடியேட்டருக்கு முன்னுள்ள கம்பி வலையில் கண்கள் சாய்சதுர வடிவில் உள்ளன. ஸ்டீயரிங் வலப்பக்கம். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை அளந்ததில் ஏறத்தாழ 4.02 மீட்டர் வந்தது. பின்னால் சரக்குப் பெட்டி இல்லை. அதற்குப் பதிலாக மரம் தூக்கும் இரும்புக் கை ஒன்றைச் சேஸிஸில் பற்றவைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் அறையில் தகவல் தகடு இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் மட்டும் மிஞ்சியுள்ளன. எஞ்சின் இறுகிப்போய்ச் சுற்ற மறுக்கிறது. தார்ப்பாய்க்குக் கீழே இன்னோர் எஞ்சின் தனியாகக் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்தே தருவதாகச் சொல்கிறார். 1942இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை விட்டுச்சென்ற வண்டி இது என்பது அவர் தரும் வரலாறு.

இது என்ன வண்டி, இதற்கு உதிரிப்பாகங்கள் எங்கே கிடைக்கும், இரு எஞ்சின்களில் எதன்மீது உழைப்பைப் போடுவது, சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து வேலை செய்ய முடியுமா என்பவற்றில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆவணப்பித்தன்

வணக்கம் கதிர். நீங்கள் தந்த விவரங்களே வண்டியைப் பெருமளவு அடையாளம் காட்டிவிட்டன. கனேடியன் மிலிட்டரி பேட்டர்ன், சுருக்கமாக சிஎம்பி என்று அழைக்கப்படும் இனத்தைச் சேர்ந்தது இது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனடாவில் இருந்த ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய இரு நிறுவனங்களும் ஒரே பொது வடிவமைப்பில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை உருவாக்கின. ஓட்டுநர் அறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே, எஞ்சின்தான் வேறு. சாய்சதுர வலை ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த ஷெவர்லேயின் அடையாளம், நேர்ச்சதுர வலை ஃபோர்டினுடையது. 4.02 மீட்டர் என்பது 158 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும் நீண்ட அச்சிடைத் தூரம். ஆகவே 3 டன் வகையான சி60எல் என்றே கருதுகிறேன். வலையை மட்டும் நம்பிவிட வேண்டாம், ஏனெனில் வலைகள் வண்டிக்கு வண்டி மாறியிருக்கக்கூடும். சேஸிஸ் சட்டத்தில் அடித்த எண்ணைத் தேடிப் பாருங்கள். அதற்குக் கிரைண்டரை எடுக்கவே கூடாது. பெயின்ட் கரைப்பானும் மென்மையான கம்பித் தூரிகையும் போதும்.

1942 கதையை உரிமையாளரின் மனம் நோகாமல் ஒதுக்கிவைப்பது நல்லது. விமானத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு வெயில் பளிச்சிடாதிருக்க முன்கண்ணாடியைத் தலைகீழ்ச் சாய்வாக வைத்த அந்த அறைக்கு 13ஆம் எண் வகை என்று பெயர். 1941இன் இறுதியில்தான் அது உற்பத்திக்கு வந்தது. ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியது 1941 டிசம்பர் 8ஆம் தேதி; புக்கிட் தீமா ஃபோர்டு ஆலையில் பிரிட்டிஷ் படைத் தளபதி ஜெனரல் பெர்சிவல் சரணடைவில் கையொப்பமிட்டது 1942 பிப்ரவரி 15ஆம் தேதி. கனடாவில் அப்போதுதான் வெளிவரத் தொடங்கிய ஒரு வகை, அந்த இடைவெளியில் கடல் கடந்து மலாயா காட்டுக்குள் வந்து சேர்ந்தது என்பதை நம்புவது கடினம். பழைய அறை வகைகளான 11, 12 என்றால் அந்தக் கதைக்கு இடமிருந்திருக்கும்.

பிரிட்டிஷ் படைகள் 1945 செப்டம்பரில் திரும்பி வந்தபோதோ அதன் பின்னரோ இந்த லாரி வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த மாதம் 9ஆம் தேதி மோரிப் கடற்கரையில் நடந்த தரையிறக்கத்தில் வண்டிகள் பல சேற்றில் புதைந்தன என்பது பதிவான செய்தி. போருக்குப் பின் ராணுவம் கழித்த லாரிகள் விற்பனைக்கு வந்து மரவேலைக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் போயின. தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் அக்கால நாளிதழ்களின் விற்பனை விளம்பரங்களைத் தேடலாம். தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே உள்ளன. அவற்றிலிருந்து உங்கள் லாரியின் பிறப்புச் சான்று கிடைக்காது என்றாலும், இத்தகைய வண்டிகள் எப்படிக் கைமாறின என்பது தெளிவாகும். இந்த லாரி புக்கிட் தீமா ஃபோர்டு ஆலையில் பூட்டப்பட்டது என்று சொல்பவர்களும் வருவார்கள். ஷெவர்லேக்கும் அந்த ஆலைக்கும் தொடர்பு கிடையாது.

முன்பணத்துக்கு முன்னால் மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவு ஆவணம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் உள்ள சேஸிஸ் எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும் ஒத்துப்போனால், காணாமல்போன தகட்டைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

துவாஸ் மாணிக்கம்

தம்பி கதிர், கப்பல் பழுதுபார்ப்பில் எஞ்சின் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஆவணப்பித்தன் சொல்வதுபோல் ஷெவர்லே என்றால், உள்ளே இருக்க வேண்டியது 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், 85 குதிரைத்திறன். இரண்டில் எது அது என்று கண்டுபிடிக்க எதையும் கழற்ற வேண்டாம். மேலே ராக்கர் மூடியைப் பாருங்கள். மூடியின் நடுமுதுகில் நீளவாக்கில் இரண்டு நட்டுகள் மட்டும் இருந்தால் அது பழைய 216 அல்லது அக்காலத்து 235 கன அங்குல எஞ்சின். மூடியின் இரு ஓரங்களிலுமாக நான்கு திருகாணிகள் இருந்தால் 1954க்குப் பிந்தைய 235. இந்த வேறுபாடு முக்கியம். பழைய எஞ்சினில், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தனியாகக் கழற்றி மாற்றும் வகை அல்ல. வெள்ளை உலோகத்தை ராடிலேயே உருக்கி ஊற்றிக் கடைந்திருப்பார்கள். எண்ணெயும் அழுத்தத்தோடு ராடுக்குள் போகாது. ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி போன்ற உறுப்பு, எண்ணெய்த் தட்டில் உள்ள தொட்டியிலிருந்தும் பீச்சுக்குழாயிலிருந்தும் எண்ணெயை அள்ளிக்கொள்ளும். பின்னாளைய 235இல் மாற்றக்கூடிய பேரிங்கும் முழு அழுத்த எண்ணெயோட்டமும் வந்துவிட்டன.

இறுகிய எஞ்சினை வண்டியோடு இழுத்துச் சுற்றவைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். முதலில் ராக்கர் மூடியைத் திறந்து, வால்வுகளில் எது மேலெழாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஊடுருவும் எண்ணெயை ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி ஊறவிடுங்கள். பிறகு ஃபிளைவீல் பற்களில் நெம்புகோலைக் கொடுத்து, முன்னும் பின்னுமாக நூலளவு அசைகிறதா என்று சோதியுங்கள். அசைந்த உடனே உற்சாகப்பட்டு ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. எண்ணெய்த் தட்டை இறக்கியே ஆக வேண்டும். அதன் அடியில் தார்போல இறுகிய கசடு நிற்கும். அந்தப் பீச்சுக்குழாய்கள் ஒவ்வொன்றும் மெல்லிய கம்பி நுழையும் அளவுக்குத் திறந்திருக்க வேண்டும். அவை குறிதவறி வளைந்திருந்தால், கிராங்க் சுற்றும்போது எண்ணெய் கரண்டியில் படாமல் பக்கத்தில் தெறித்துப் போகும். எண்ணெய் நிறைய இருந்தும் ராட் பேரிங் உருகிவிடும். அந்தக் கோணத்தைச் சரிபார்க்கப் பராமரிப்பு நூலில் தனி அளவுகோல் காட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்து ஒன்றைக் கடைந்துகொள்ளலாம்.

வெள்ளை உலோகம் ஊற்றும் வேலை இந்த ஊரில் ஒழிந்துவிட்டது என்று கார்ப் பட்டறைகளில் சொல்வார்கள். கார்களுக்கு ஒழிந்தது உண்மைதான், கப்பல்களுக்கு ஒழியவில்லை. கப்பல் தண்டுகளின் பேரிங்குகளுக்கு இன்றும் துவாஸ், ஜூரோங் பக்கத்துப் பட்டறைகளில் ஊற்றுகிறார்கள். 89 விழுக்காடு வெள்ளீயமும் மீதி ஆன்டிமனியும் செம்பும் கலந்த உலோகத்தைக் கேளுங்கள். கப்பல் பேரிங்கோடு ஒப்பிட்டால் ராடில் படியும் உலோகம் மிக மெல்லியது. அதனால் பழைய உலோகத்தை எடுத்தபின் ராடின் உட்புறத்தில் வெள்ளீயப் பூச்சு எல்லா இடத்திலும் பிடித்திருக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகே ஊற்றச் சொல்லுங்கள். பூச்சுப் பிடிக்காத இடத்தில் உலோகம் பின்னால் செதிலாகக் கழன்று வரும்.

மின்சாரம் 6 வோல்ட். அதே ஸ்டார்ட்டருக்கு 12 வோல்ட்டைப்போல இரு மடங்கு மின்னோட்டம் தேவைப்படும் என்பதால் கேபிள் கட்டைவிரல் பருமனில் இருக்க வேண்டும். இக்காலக் கார் கேபிளைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டர்மீது பழிபோடுகிறவர்களே அதிகம்.

செம்பவாங் கதிர்

மாணிக்கம் ஐயாவுக்கும் ஆவணப்பித்தனுக்கும் மிக்க நன்றி. உரிமையாளர் படங்கள் அனுப்பினார். லாரிக்குள் இருக்கும் எஞ்சின் மூடியின் நடுவில் இரண்டு நட்டுகள் இருக்கின்றன. தனியாகக் கிடப்பதில் ஓரங்களில் நான்கு திருகாணிகள். அப்படியானால் உள்ளே இருப்பது பழையது, வெளியே கிடப்பது 1954க்குப் பிந்தையது என்று எடுத்துக்கொள்கிறேன். முன்வலச் சட்டத்தில் எண் தெரிவதாகவும் சொல்கிறார்; பதிவு ஆவணத்தைத் தேடித் தருவதாக வாக்களித்திருக்கிறார். உதிரிப்பாகங்கள் பற்றி யாராவது சொல்ல முடியுமா?

பெர்த் இளங்கோ

வணக்கம். நான் சிங்கப்பூரில் வளர்ந்து மேற்கு ஆஸ்திரேலியாவில் குடியேறியவன். இங்கே இதே இனத்து லாரி ஒன்றைச் சீரமைத்து வைத்திருக்கும் நண்பருக்கு உதவி வருகிறேன். ஆஸ்திரேலியாவில் இவ்வண்டிகளை பிளிட்ஸ் என்பார்கள். போருக்குப் பின் பண்ணைகளுக்கும் தீயணைப்புக் குழுக்களுக்கும் ஏராளமாகப் போனதால், பண்ணைக் கொட்டகைகளில் இன்றும் கதவும் ஆக்சிலும் கிடைக்கின்றன.

பாகங்களைத் தேடும்போது அவற்றை இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள். 216 எஞ்சின் ராணுவத்துக்கென்று செய்ததல்ல. 1937 முதல் 1953 வரை ஷெவர்லே கார்களிலும் சிறு லாரிகளிலும் ஓடியது. ஆகவே கேஸ்கெட், பிஸ்டன் வளையம், வால்வு, டிஸ்ட்ரிபியூட்டர் உறுப்புகள், தண்ணீர் பம்ப் போன்றவற்றை அமெரிக்காவில் பழைய ஷெவர்லே கார்களுக்கு விற்பவர்களிடமே புதிதாக வாங்கலாம். ராணுவ லாரி என்று சொல்லாமல், எஞ்சின் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் விலையும் நியாயமாக இருக்கும். முன் ஆக்சில், எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பகிரும் டிரான்ஸ்ஃபர் பெட்டி, ஓட்டுநர் அறைத் தகடுகள், அந்தக் கண்ணாடிச் சட்டம் ஆகியவைதான் இந்த இனத்துக்கே உரியவை. அவற்றை ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் சேகரிப்பாளர்களிடமே தேட வேண்டும். போருக்குப் பின் டச்சு ராணுவமும் இவற்றை வைத்திருந்தது. கனடிய வண்டிகளுக்கென்றே இயங்கும் மேப்பிள் லீஃப் அப் இணையத்தளத்தில் உறுப்பினராகுங்கள். சேஸிஸ் எண்ணைப் படத்தோடு போட்டால் வகையை உறுதிசெய்யக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்த இன வண்டிக்குரிய பராமரிப்பு நூலும் பாகப் பட்டியல் நூலும் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. பட்டியல் நூலை முதலில் வாங்குங்கள். பாக எண் இல்லாமல் கேட்கும் கேள்விக்கு எந்த நாட்டிலும் நல்ல பதில் வராது.

பிரேக் பற்றி ஒரு சொல். 3 டன் வண்டியில் ஹைட்ராலிக் பிரேக்குக்குத் துணையாக வெற்றிட பூஸ்டர் உண்டு. வீல் சிலிண்டர்களுக்கு உட்குழல் போட்டுப் பழையதையே காப்பாற்றலாம். ரப்பர் வாஷர்கள் அளவு பார்த்து எங்கும் கிடைக்கும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசு ஊதும் வழக்கம் இங்கே கூடாது; ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டுங்கள். சிங்கப்பூரில் ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்கு மனிதவள அமைச்சின் தனி விதிமுறைகளே உள்ளன. பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவருக்குச் செய்யும் நியாயம்.

எஞ்சின் விஷயத்தில் என் கருத்து, 235ஐ மாட்டி ஓட்டுவது. 216ஐ எண்ணெய் பூசிப் பெட்டியில் வைப்பது. முன்பக்கத் தாங்கு தட்டிலும் தண்ணீர் பம்பிலும் சிறு மாற்றம் செய்தால் 235 அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும்.

ஈப்போ செல்வம்

எல்லோரும் இதை ராணுவ லாரி என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கதிர் விவரித்த வண்டி ராணுவத்தில் இருந்தது சில ஆண்டுகள்தான். காட்டில் உழைத்ததோ அதைப்போலப் பல மடங்கு. மலேசியாவில் இத்தகைய மரலாரிகளை சான் தாய் வோங் என்பார்கள், மலாயில் லோரி ஹந்து என்பதும் உண்டு. பழைய ராணுவ லாரிகளின் சேஸிஸை எடுத்து, இரும்புக் கையும் வின்ச்சும் பொருத்தி, பாதையே இல்லாத மலைச்சரிவில் பெருமரங்களை இறக்கிய வண்டிகள் இவை. என் தந்தையார் பேராக்கில் இவற்றுக்கு வெல்டிங் செய்தவர். போர்க்கால லாரியாகச் சீரமைத்த சிஎம்பி உலகில் எத்தனையோ இருக்கின்றன. முழுமையாக மிஞ்சிய சான் தாய் வோங் அரிது. அந்த இரும்புக் கையை வெட்டி எறிந்துவிட்டுப் பச்சை பூசிய பெட்டியை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எப்படிச் சீரமைத்தாலும் சேஸிஸைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இரும்புக் கையின் அடிக்கால் நிற்கும் இடத்திலும் பின் ஸ்பிரிங் தாங்கிகளைச் சுற்றியும் சட்டத்தில் தட்டு மேல் தட்டாகப் பற்றவைத்திருப்பார்கள். தட்டின் முனை நேராக வெட்டப்பட்டிருந்தால் அதன் ஓரத்திலேயே விரிசல் தொடங்கும். கிரீஸைத் துடைத்து, டை பெனிட்ரண்ட் திரவம் தெளித்துப் பார்த்தால் மயிரிழை விரிசலும் சிவப்பாகத் தெரியும். கதிருக்கு மின்தூக்கி வேலையில் இது பழக்கமாகவே இருக்கலாம். சட்டம் நடுவில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள், அப்படியிருந்தால் 4.02 மீட்டர் அளவை வைத்து வகை சொல்ல முடியாது.

இன்னொன்று, கழற்றும் வேலையையும் சேஸிஸ் வெல்டிங்கையும் அந்தப் பக்கத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். இந்த வண்டிகளின் கியர் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கும் முதியவர்கள் தீபகற்பத்தில் இன்னும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் கொட்டகை வாடகைக்குப் போகும் வெள்ளியில் அங்கே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆவணப்பித்தன்

செல்வத்தின் வாதத்தில் எனக்குப் பெரும்பகுதி உடன்பாடே. ஆனால் கதிர் விரும்புவது ராணுவத் தோற்றம் என்றால் அதைக் குற்றமாக்கவும் வேண்டாம். இரும்புக் கையை வெட்டாமல் போல்ட் அளவில் கழற்ற முடிந்தால் கழற்றி, எண்ணிட்டு, படம் எடுத்து வைத்தால் போதும்.

நிறத்தைத் தீர்மானிக்கும் முன் வண்டியையே கேளுங்கள். மழையும் வெயிலும் படாத இடமாக, டாஷ்போர்டின் உட்புறத்தையோ இருக்கைக்கு அடியையோ தேர்ந்தெடுத்து, நாணயம் அளவு வட்டத்தை, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் மென்மையான உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள். மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்கள்போல, ஒவ்வொரு காலத்துப் பூச்சும் ஒரு வளையமாக வெளிப்படும். அடியில் பழுப்பு தெரிந்தால் அது 1942 முதல் பிரிட்டிஷ் படைகள் பயன்படுத்திய எஸ்.சி.சி. 2 என்னும் உருமறைப்பு நிறமாக இருக்கலாம், 1944இலிருந்து எஸ்.சி.சி. 15 என்னும் ஆலிவ் நிறம் வந்தது. கடையில் ராணுவப் பச்சை என்று விற்பது இவற்றில் எதுவுமல்ல.

சின் மிங் ரவி

சாலை விதிகளைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். சிங்கப்பூரில் பயன்படுத்தப்பட்ட வாகனம் ஒன்றைச் சாதாரண முறையில் இறக்குமதி செய்து பதிவு செய்ய, அது 3 ஆண்டுக்குக் குறைந்ததாக இருக்க வேண்டும். பழைய வாகனங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தனித் திட்டங்கள் இருக்கின்றன. கிளாசிக் திட்டத்தில் குறைந்தது 35 ஆண்டு வயதும், ஆண்டுக்கு 45 நாள் ஓட்டும் வரம்பும் உண்டு. கார் வைத்திருக்கும் நண்பர்கள் அத்திட்டத்தைப் பற்றிச் சொல்வதையெல்லாம் 3 டன் லாரிக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வண்டியின் வகை, எடை, எண், படம் ஆகியவற்றை இணைத்து ஆணையத்துக்கு எழுதி, எழுத்து மூலமான பதிலைப் பெற்ற பிறகே எல்லையைத் தாண்டிக் கொண்டுவாருங்கள். முழு வாகனமாக வந்தால் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. ஓட்டாமல் காட்சிக்கு மட்டும் வைப்பது என்றாலும் அதையும் அந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். வெறும் வாய்மொழியை நம்பி வண்டியைக் கொண்டுவந்தவர்கள், மாதக்கணக்கில் கிடங்கு வாடகை கட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

செம்பவாங் கதிர்

அனைவரின் பதில்களும் பெரும் உதவி. வேலையை ஜொகூரிலேயே செய்வது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். இரும்புக் கையும் வண்டியிலேயே இருக்கட்டும். எஞ்சினில் மட்டும் 216ஐக் காப்பாற்ற முடியுமா என்று பார்த்த பிறகே இளங்கோ சொன்ன வழிக்கு வருவேன். வண்டியை அங்கிருந்து பட்டறைக்குத் தாழ்தளப் பாரவண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டும். டயர்கள் வெடிப்பு விட்டிருந்தாலும் இரண்டில் காற்று நிற்கிறது. மற்றவற்றைக் கழற்றிப் பஞ்சர் பார்க்கலாமா?

துவாஸ் மாணிக்கம்

தம்பி, நீங்களாகக் கழற்ற வேண்டாம். இக்கால லாரியில் பழகியவர்கள் இந்தச் சக்கரத்தில்தான் ஏமாறுவார்கள். அக்காலத்து ராணுவ வண்டிகளில் இரும்பு ரிம் இரண்டு பாதிகளை போல்ட் போட்டு இணைத்ததாக இருக்கும், அல்லது வளையத்தால் பூட்டியதாக இருக்கும். முதல் வகையில் ஒரு சுற்று நட்டுகள் சக்கரத்தை வண்டியோடு பிடிப்பவை. இன்னொரு சுற்று ரிம்மின் பாதிகளைப் பிடிப்பவை. டயரில் காற்று இருக்கும்போது இரண்டாவது சுற்றை அவிழ்த்தால் ரிம் பிளந்து ஆளையே தூக்கி எறியும். பிரிட்டிஷ் படையில் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு பூசி எச்சரிப்பார்கள். உங்கள் வண்டியில் அந்தச் சிவப்பு எப்போதோ போயிருக்கும். எந்த வகையானாலும் முதலில் வால்வின் உள்ளூசியைக் கழற்றி, காற்று முழுவதும் போனபின் துளையில் கம்பி விட்டு அடைப்பு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். மறுபடி காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்தே அடிக்க வேண்டும்.

ஏற்றிச் செல்வதற்குப் பழைய டயர்களில் காற்று நிரப்ப முயலாதீர்கள். வின்ச்சால் மெல்ல இழுத்தால் தட்டையான டயரோடும் தளத்தில் ஏறும்; முன்னதாக பிரேக் டிரம் ஒட்டியிருக்கிறதா என்று ஜாக்கி போட்டுத் தூக்கி ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள், டிரான்ஸ்ஃபர் பெட்டியின் நெம்புகோலை நியூட்ரலில் வையுங்கள். புது டயருக்கு 10.50-20 என்ற மூல அளவைத் தேடி அலைய வேண்டாம். பலர் 11.00-20 போடுகிறார்கள், ரிம்மின் அகலத்தை அளந்து டயர்க் கடைக்காரரிடம் காட்டிய பிறகு வாங்குங்கள். ராட் வெளியே வந்ததும் உலோகம் ஊற்றும் இடத்துக்கு நானே உங்களை அழைத்துப் போகிறேன்.